சிவப்புப் பெயின்ட் அடித்த தட்டுகள்

போன மாதம் ஒரு நாள், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்லூரியிலிருந்து இப்போதைய விடுதிக் காப்பாளர் போன் செய்தார். என் காலத்தில் அங்கே படித்தவர்தான். "சார், நம்ம காலேஜுக்கு மறுபடியும் ஆப்பிரிக்காப் பசங்க வர்றாங்க. தனி பிளாக், தனி மெஸ் எல்லாம் கட்டியாச்சுங்க. நீங்க அந்தக் காலத்துலயே இவங்களைப் பார்த்தவரு. எங்க வார்டன்களுக்கு வந்து கொஞ்சம் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார்.

"தனி மெஸ் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"அவங்க சாப்பாடு வேற பாருங்க சார். ஒரு வசதிக்குத்தான்."

நல்ல மனதோடுதான் சொன்னார். போனேன். குளிரூட்டிய அறையில் இளம் காப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னொரு நாள் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். சென்னையில் பயிற்சி முடித்து எழுபதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கத்து அந்தத் தனியார் கல்லூரியில் சேர்ந்தபோது, மைதானம் என்று அவர்கள் காட்டிய இடம் அறுவடை முடிந்த நிலக்கடலைக் காடு. ஓடுபாதை போடுவதற்கு முன்னால் கல் பொறுக்கினோம், பையன்களும் நானும். கயிறு பிடித்து, முளை அடித்து, சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டால் அடுத்த நாள் காற்றில் பாதி போயிருக்கும். வளாகத்துக்குள்ளேயே குடியிருந்ததால் ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் என் தலையில் வந்தது. எல்லோருக்கும் நான் 'பி.டி. சார்'.

எங்கள் முதல்வர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கணிதம் படித்தவர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல செய்தி என்றால் வராந்தாவில் நின்றுகொண்டு நாலு பேர் கேட்கச் சொல்வார். கெட்ட செய்தி என்றால் அறைக் கதவைச் சாத்தி, கையிலிருக்கும் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, "உட்காருப்பா" என்பார். அதனால் அவருடைய அறை நாற்காலி என்றாலே மாணவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு நடுக்கம். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம் ஜூமா வந்து சேர்ந்தான். தான்சானியாக்காரன். பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருந்த ஊர். பி.எஸ்சி. வேதியியல். சேலத்திலிருந்து பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு, அந்த வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு இறங்கினான். விடுதி வராந்தா முழுக்கப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோருமே கறுப்புதான், காடு மேட்டில் வெயில் குடித்து வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் அவனைப் பார்த்ததும் எல்லோரும் தங்களைச் சிவப்பாக நினைத்துக்கொண்டார்கள்.

அறைக்கு மூன்று பேர் என்பது கணக்கு. அறை ஒதுக்கீட்டை நான்தான் போடுவேன். ஜூமாவோடு போட்ட இருவரில் ஒருவன் அன்று மாலையே வந்து, "ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க சார்" என்று வேறு அறை கேட்டான். இரண்டாவது பையன் செல்வராசு. பரமத்தி வேலூர் பக்கம் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்த பெரிய விவசாயக் குடும்பம். திக்குவாய். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

"உனக்கும் மாத்தணுமாடா?" என்றேன்.

"இ... இல்லீங்க சார். நா... நான் இருந்துக்கறனுங்க."

"ஏன்?"

கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடினான். "அ... அவனுக்கும் நம்ம பேச்சு வ... வராதுங்களே."

மூன்றாவது கட்டில் கடைசிவரை காலியாகவே கிடந்தது.

ஆப்பிரிக்காக்காரன் என்றால் ஓடுவான் என்று நானும் நினைத்தேன். பல்கலைக்கழகப் போட்டியில் நமக்கு ஒரு பதக்கம் உறுதி என்று ஸ்டாப் வாட்சோடு அவனை மைதானத்துக்கு இழுத்துப் போனேன். எல்லோருக்கும் கடைசியாக, மூச்சிரைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தான். "சார், எங்கப்பா மீன் கடை வச்சிருக்கார். நான் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஆனால் குரல் இருந்தது. கணீரென்று, மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல்.

தமிழைச் செல்வராசுவிடம்தான் கற்றுக்கொண்டான். அதனால் என்ன ஆயிற்று என்றால், செல்வராசு எங்கெங்கே திக்குவானோ அங்கெல்லாம் இவனும் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "க... கணக்கு வாத்தியாருங்க" என்பான். இரண்டாம் வருடம் விளையாட்டு விழாவில் மைக்கை அவனிடம் கொடுத்தோம். "ஏனுங்க, ஓ... ஓரமா நில்லுங்க, பையன் ஓடி வாரான்" என்று அவன் அறிவித்ததும் மைதானமே சிரித்துக் கைதட்டியது.

விழா முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "அப்படி நிறுத்தறது தமிழ் இல்லடா, அவனுக்குப் பேச்சு திக்கும்" என்று விளக்கினேன்.

"தெரியும் சார். முதல் மாசமே தெரிஞ்சுபோச்சுங்க" என்றான். "இப்ப நான் மாத்திக்கிட்டா, அவன் தனியாயிருவானுங்களே."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கல்லூரியில் செல்வராசுவின் பேச்சைக் கேலி செய்வதும் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. எல்லோருக்கும் பிடித்த அறிவிப்பாளனே அப்படித்தானே பேசினான்.

இருவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தார்கள். அந்தப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. கிராமங்களில் ரோடு போட்டோம், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்தோம். ஒரு வருடம் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் இரத்ததான முகாம் நடத்த வந்தார். ஊசியைப் பார்த்ததும் வரிசையில் நின்ற பையன்கள் கரைந்துபோனார்கள். இரத்தம் கொடுத்தால் உடம்பு வற்றிப்போகும், கல்யாணம் ஆகாது என்றெல்லாம் அப்போது ஒரு பயம். ஜூமா போய் முதல் கட்டிலில் படுத்தான். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் மைக். "பயப்படாதீங்க, எ... எறும்பு கடிச்சாப்புலதான் இருக்குமுங்க" என்று படுத்தபடியே அறிவித்தான். அடுத்த கட்டிலில் செல்வராசு. அப்புறம் வரிசை தானாக வந்தது.

அதிலிருந்து ஆஸ்பத்திரியிலிருந்து இரத்தம் கேட்டு ஆள் வந்தால், இவர்கள் இருவரும் வகுப்பு வகுப்பாகப் போய் தேவையான பிரிவு இரத்தம் உள்ள பையன்களைக் கூட்டிப்போவார்கள். குமாரபாளையத்து விசைத்தறிக்காரர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் போனபோது ஜூமாவின் இரத்தம்தான் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தறிக்காரர் விடுதிக்கு வந்து ஜூமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

ஜூமாவின் கடைசி வருடம் அது. எய்ட்ஸ் என்ற வார்த்தை அப்போதுதான் எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் வர ஆரம்பித்திருந்தது. ஆப்பிரிக்க மாணவர்கள்தான் கொண்டுவருகிறார்கள் என்று எழுதினார்கள். அவர்களுக்குக் கட்டாயமாக இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

முதல்வர் என்னையும் ஜூமாவையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். பேனாவை மூடினார். ஆனால் "உட்காருப்பா" என்று சொல்லவில்லை. அவரே நாற்காலியை விட்டு எழுந்து, நின்றபடி அந்த உத்தரவை வாசித்தார். வாசித்து முடித்து, "இது எல்லா வெளிநாட்டு மாணவர்களுக்கும்தான்" என்றார். எங்கள் கல்லூரியில் வேறு வெளிநாட்டு மாணவர் யாரும் இல்லை.

"எங்கூட ரூம்ல இருக்கறவனுக்கும் எடுப்பாங்களா சார்?" என்று ஜூமா கேட்டான்.

"இல்லப்பா."

"அப்ப இது நோய்க்கு இல்லீங்க சார், எனக்குத்தானுங்க" என்றான். முதல்வர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். செல்வராசுவும் வந்தான். நாங்கள் எத்தனையோ முறை பையன்களைக் கூட்டிப்போன அதே ஆய்வுக்கூடம்தான். வழக்கமாக, "வாங்க ஜூமா, இன்னைக்கு எத்தனை பேரு?" என்று கேட்கிற ஆய்வுக்கூட ஊழியர், அன்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டிருந்தார். கையைக் கட்டுகிற ரப்பர்க் குழாயை மேசைமேல் போட்டுவிட்டு, "நீயே கட்டிக்கப்பா" என்றார். ஒற்றைக் கையால் அதைக் கட்டிக்கொள்ள முடியாது. ஜூமா பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டே போனது. செல்வராசு வந்து அவன் கையைத் தன் மடியில் வைத்துக் கட்டிவிட்டான்.

இரத்தம் எடுத்து முடிந்ததும் செல்வராசு தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். "எ... எனக்கும் எடுங்க."

"உனக்கு எதுக்கு தம்பி? உத்தரவுல உன் பேரு இல்ல."

"நாங்க ஒ... ஒரே தட்டுல சோறு திங்கறமுங்க. ஒரே த... தண்ணி குடிக்கறமுங்க. எனக்கும் எடுங்க."

"வெளிநாட்டு மாணவர்னுதான் போட்டிருக்கு. எந்திரி" என்றார் ஊழியர். அவன் எழுந்திருக்கவில்லை. ஜூமாதான் தோளைத் தொட்டு, "வாடா, போலாம்" என்றான்.

மாதிரியைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர வாரக்கணக்காகும் என்றார்கள். நாங்கள் விடுதிக்குத் திரும்புவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. பரிசோதனைக்குப் போனான் என்பது ஒரே நாளில் நோய் இருக்கிறது என்று ஆகிவிட்டது. அவன் குளித்த குளியலறைக்கு யாரும் போகவில்லை. உணவுக்கூடத்தில் அவன் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சே காலியாகும். செல்வராசு ஒரு பக்கம் உட்காருவான். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்காருவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பேச்சு ஓடாது. ஜூமா தலை குனிந்து வேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குமாரபாளையத்துத் தறிக்காரர் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முன்னால் போனேன். "அந்தத் தம்பிய ஒருக்கா பாக்கோணுங்க" என்றார் மெதுவாக. ஜூமா வெளியே வந்தான். முன்பு அவன் கைகளைப் பிடித்துக்கொண்டவர், இப்போது நாலு முழம் தள்ளி நின்றார்.

"ஏந்தம்பி, ஊருல என்னென்னமோ சொல்றாங்க. உனக்கு ஒண்ணும் இல்லதானே? எம்பட ஊட்டுக்காரி பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருக்கறா."

"தெரியலீங்கண்ணா" என்றான் ஜூமா. "இன்னும் சொல்லலீங்க. இருந்துச்சுன்னா... என்னை மன்னிச்சிருங்கண்ணா."

அவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போனார். அன்றிலிருந்து ஜூமா சரியாகத் தூங்கவில்லை என்று செல்வராசு சொன்னான். தன்னைப் பற்றி அவன் ஒரு நாளும் பயந்து நான் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அதற்கு அடுத்த வாரம் சமையல்காரர்கள் ஜூமாவின் தட்டுக்கும் டம்ளருக்கும் அடியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். மற்றவர்களின் பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாதாம். மாணவர்களில் சிலர் போய்க் கேட்டுத்தான் இப்படிச் செய்யவைத்தார்கள். நான் முதல்வரிடம் போனேன். "பொட்டை அழிக்கச் சொல்றேன்பா, ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் பசங்களைக் கிளப்பிவிடாதே" என்றார். அவர் சொல்லி அழிப்பதற்குள் செல்வராசு முந்திக்கொண்டான்.

மறுநாள் எல்லோரும் வகுப்பில் இருந்த நேரம். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு வாங்கிய சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு உணவுக்கூடத்துக்குள் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தட்டு, டம்ளர் அத்தனைக்கும் பொட்டு வைத்துவிட்டான். மதியம் மணி அடித்துப் பையன்கள் தட்டை எடுத்ததும் பார்த்தார்கள். எல்லாத் தட்டிலும் சிவப்பு.

தட்டுகள் தரையில் விழுகிற சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் கூட்டமாக முதல்வர் அறை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். ஜூமாவை விடுதியை விட்டு அனுப்ப வேண்டும், செல்வராசுவையும் அனுப்ப வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஜூமாவின் மைக் பேச்சுக்குக் கைதட்டியவர்கள் இருந்தார்கள். அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

முதல்வர் செல்வராசுவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நானும் இருந்தேன்.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சே?"

"எது அவன் த... தட்டுன்னு இனிமே யாருக்கும் தெரியாதுங்களே சார்."

முதல்வர் மூடி வைத்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி. ஆனா நாளைக்கு இந்த மெஸ் நடக்கணும். முந்நூறு பசங்க சாப்பிடணும். உங்கப்பாவைக் கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

அடுத்த நாள் காலை புல்லட்டில் அவன் அப்பா பெரியசாமி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, உயரமான மனிதர். முதல்வர் சொன்னதை நின்றபடியே கேட்டார். பிறகு என்னோடு அறைக்கு வந்தார். ஜூமா எழுந்து நின்று கையை நீட்டினான். அவர் இரண்டு கைகளையும் கூப்பி எட்ட நின்று கும்பிட்டார். மரியாதையாகத்தான் கும்பிட்டார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"வாடா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றார் மகனிடம்.

"ப... பரீட்சை இருக்குதுங்கப்பா."

"ஊட்டுல இருந்து வந்து எழுது. நானே கொண்டாந்து உடறேன்."

"நா... நான் வரலீங்கப்பா."

பெரியசாமி சத்தம் போடவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, மகனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உன்ற தங்கச்சிய மாப்பள ஊட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிருக்கறாங்க. இந்தச் சேதி அவங்க காதுக்குப் போச்சுன்னா அந்தப் பிள்ளை கதி என்ன சாமி? நீயே சொல்லு."

செல்வராசு வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நானும் அவன் அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜூமாதான் கொடியில் கிடந்த அவன் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தான். "தங்கச்சி கல்யாணம்டா. போ" என்றான். அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, புல்லட்டின் அருகில் வைத்துவிட்டு, பெரியசாமி வருவதற்குள் விலகி வந்துவிட்டான்.

பரீட்சை வந்தது. ஜூமாவைத் தனி அறையில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். செல்வராசுவை அவன் அப்பா தினமும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பரீட்சை முடியும் வரை கேட்டில் காத்திருந்து கூட்டிப்போனார். பாதிப் பரீட்சையில் முடிவு வந்தது. ஜூமாவுக்கு எந்த நோயும் இல்லை. முதல்வர் அதை வராந்தாவில் நின்று உரக்கப் படித்தார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அன்று மதியமே ஜூமா பஸ் ஏறிக் குமாரபாளையம் போய்த் தறிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்களாம், குழந்தையை மடியில் வைத்தார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான். அத்தனை வாரங்களில் அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆனாலும் தனி அறை தொடர்ந்தது. ஏற்பாடு செய்தாகிவிட்டது, இனி மாற்ற வேண்டாம் என்றார்கள். உணவுக்கூடத்தில் அவன் பெஞ்சு கடைசி நாள் வரை காலியாகவே இருந்தது. முடிவைப் படித்துக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

கடைசிப் பரீட்சை அன்று சைக்கிள் கொட்டகையில் இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்ததை மைதானத்திலிருந்து பார்த்தேன். கேட்டில் புல்லட் ஹாரன் அடித்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. செல்வராசு ஜூமாவின் சட்டைப்பையில் தன் பேனாவைச் செருகிவிட்டுப் போனான். அதற்கு அடுத்த வாரம் சேலம் ஜங்ஷனில் ஜூமாவை ரயிலேற்றிவிட்டேன். மேலே படிக்க எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைக்கும், விண்ணப்பம் போடு என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லீங்க சார். இனி இங்க மைக் புடிச்சா எனக்குப் பேச்சு வராதுங்க" என்றான்.

செல்வராசுவின் தங்கை கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது, போனேன். செல்வராசு பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், பேசவில்லை. அவன் மேற்கொண்டு படிக்கவில்லை. திருச்செங்கோட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் போர்வெல் வண்டியோடு கணக்கு எழுதுபவனாக ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய்விட்டான். மாதக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் எங்கோ மலைப்பாதையில் அந்த வண்டி கவிழ்ந்து அவன் இறந்துபோனான். எனக்குச் செய்தி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள், மைதானத்தில் கைப்பந்து வலை கட்டிக்கொண்டிருந்தேன். முதல்வர் வெயிலில் வேக வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் மைதானத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க, "ஜூமா லைன்ல இருக்கான்பா. அவனுக்குத் தெரியாது. நீ வந்து பேசு. என்னால சொல்ல முடியல" என்றார்.

ஓடினேன். ரிசீவரை எடுத்ததும் அந்தக் குரல். "பி.டி. சாருங்களா? நா... நான் ஜூமா பேசறனுங்க. நல்லா இருக்கறீங்களா சார்?" தமிழை அவன் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருப்பதாகச் சொன்னான். அடுத்த மாதம் கல்யாணம் என்றான். "செல்வராசுக்கு எழுதினனுங்க, பதிலே இல்லீங்க. அவனுக்குக் கல்யாணச் சேதி சொல்லோணும் சார். எங்க இருக்கறானுங்க?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எப்பங்க சார்?"

"மழைக்காலத்துலடா."

மறுபடியும் இரைச்சல். பிறகு, "அவங்கப்பாவப் போய்ப் பாத்தீங்களா சார்?" என்றான்.

"இன்னும் இல்லடா."

"போய்ப் பாருங்க சார். நான் கேட்டேன்னு சொல்லுங்க."  போனை அவனே வைத்துவிட்டான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போனேன். பெரியசாமி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த உயரமான மனிதர் பாதியாக இளைத்திருந்தார். மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, நான் சொல்வதைக் கேட்டார். ஜூமா போன் செய்ததையும், கேட்டதாகச் சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

"அந்தப் பையனுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்றார்.

"அன்னைக்கே இல்லைன்னு வந்திருச்சுங்க."

"தெரியுமுங்க. கேட்டுல நின்னுட்டு இருக்கறப்பவே பசங்க பேசிக்கிட்டாங்க." துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அன்னைக்குக் கூட்டியாந்ததுல இருந்து கடசி வரைக்கும் என்ற பையன் எங்கூடப் பேசலீங்க சார். கேட்டதுக்குத் தலையாட்டுவான். அவ்வளவுதான். பேச்சு வராத பையன், அப்படித்தான் இருப்பான்னு ஊருல நெனச்சுக்கிட்டாங்க. நானும் அப்படியே உட்டுட்டேன்."

 உள்ளே இருந்து மோர் வந்தது. அவர் தன் டம்ளரைத் தொடவில்லை.

"அந்தப் பையன் நெம்பர் இருக்குதுங்களா உங்ககிட்ட?"

"இல்லீங்க. அவன் மறுபடி கூப்பிட்டாத்தான் உண்டு."

"கூப்பிட்டான்னா எனக்கு ஆள் அனுப்புங்க. எந்நேரம் ஆனாலும் சரி, வந்தர்றேன்."

"என்ன சொல்லோணும்? நானே சொல்லிடறனுங்க" என்றேன்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார் பெரியசாமி. "மூணு வருசம் ஒரே ரூமுல இருந்தாங்களே. என்ற பையன் அவங்கிட்ட என்ன பேசுவான்னு கேக்கோணும். எனக்குத் தெரியாதுங்க."

நான் ஓய்வு பெறும் வரைக்கும் முதல்வர் அறையில் தொலைபேசி மணி அடித்த போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். ஜூமா அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.